ஆஃப் பண்ண முடியாத வாக்கி டாக்கி

இன்னைக்கு எபிசோட் ரேடியோ பத்தி. எஃப்எம் இல்லை. போலீஸ்காரர் தோளில் மாட்டிக்கிட்டு, நடுநடுவே கரகரன்னு பேசுமே, அந்த ரேடியோ. அதை நிறுத்தாம ஓட்ட ஒரு அரசாங்கம் எவ்வளவு கொடுக்கும்? எவ்வளவு கேட்டாலும் கொடுக்கும். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பிக்குது.

முதல்ல ஒரு சொந்தக் கதை. என் முதல் கம்பெனியில ஒரு பழைய சர்வர் இருந்தது. "அடுத்த குவார்ட்டர்ல தூக்கிடலாம்"னு ஒவ்வொரு குவார்ட்டரும் சொல்வாங்க. புது சிஸ்டம் ரெடி ஆகவே இல்லை. லைசென்ஸ் முடியுற வாரத்துல எல்லாரும் ஓடுவோம், வெண்டர் சொல்ற ரேட்டுக்குக் கையெழுத்து போடுவோம். நமக்கு வேற வழி இல்லைன்னு அந்த ஆளுக்கு நல்லாவே தெரியும். இதே கதையை ஒரு நாட்டோட போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அளவுக்குப் பெருசாக்குங்க. அதுதான் பிரிட்டனோட ஏர்வேவ்.

ஏர்வேவ்ங்கிறது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூணுக்கும் பொதுவான அவசர சேவை ரேடியோ நெட்வொர்க். 2000-ல கான்ட்ராக்ட் போட்டாங்க, அடுத்த சில வருஷத்துல ஊர் ஊரா வந்தது. உள்ளே ஓடுற டெக்னாலஜிக்குப் பேர் டெட்ரா. சுமார் 3 லட்சம் பேர் இதை நம்பி வேலை பார்க்கிறாங்க.

"ஏன்ப்பா, எல்லார் கையிலும் போன் இருக்கே, வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சா போதாதா?" இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. இதுக்கு 2005 ஜூலை 7-ஐப் பார்க்கணும்.

அன்னைக்குக் காலையில லண்டன்ல மூணு சுரங்க ரயில்லயும் ஒரு பஸ்லயும் குண்டு வெடிச்சது. 52 பேர் செத்தாங்க. ஊர்ல எல்லாரும் ஒரே நேரத்துல வீட்டுக்குப் போன் போட்டாங்க, நெட்வொர்க் திணறிடுச்சு. அப்போ லண்டன் ஆம்புலன்ஸ் சேவையோட அதிகாரிகள் பெரும்பாலும் மொபைலைத்தான் நம்பியிருந்தாங்க. எத்தனை பேர் காயம், இன்னும் எத்தனை வண்டி வேணும்னு சொல்ல லைன் கிடைக்கலை. ஆல்ட்கேட் ஸ்டேஷனைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ள பொதுமக்களோட போனைத் தடுக்கச் சொல்லி போலீஸ் ஒரு மொபைல் கம்பெனியைக் கேட்க வேண்டி வந்தது. அதுல, அனுமதி இல்லாத மத்த மீட்புப் பணியாளர்களோட போனும் சேர்த்து கட் ஆகும்.

சுரங்கத்துக்குள்ள நிலைமை இன்னும் மோசம். ரயில்வே போலீஸோட ரேடியோ மட்டும்தான் கீழே வேலை செஞ்சது. மத்தவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? கீழே இருக்கிற விஷயத்தை மேலே சொல்ல ஆளை ஓட விட்டாங்க. 21-ஆம் நூற்றாண்டு லண்டன்ல, படிக்கட்டுல ஓட்டம். இதுல என்னை ரொம்ப உறுத்துறது ஒண்ணுதான். 1987-ல கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷன்ல தீப்பிடிச்சு 31 பேர் இறந்தப்பவே, சுரங்கத்துக்குள்ள எல்லா சேவைகளுக்கும் ரேடியோ வேணும்னு விசாரணை அறிக்கை சொல்லியிருந்தது. 2005-க்கு அப்புறம்தான் ஏர்வேவ் கீழே இறங்குச்சு.

சரி, டெட்ரா ரேடியோ அப்படி என்னதான் பண்ணும்? பட்டனை அமுக்கினா அரை நொடிக்குள்ள குரூப்ல இருக்கிற அத்தனை பேருக்கும் குரல் போயிடும். ரிங் கிடையாது, எடுக்கிறது கிடையாது. டவரே இல்லாத இடத்துல ரெண்டு ரேடியோ நேரடியா பேசிக்கும். கூட்டம் எவ்வளவு இருந்தாலும், அந்த அலைவரிசையில நீங்களும் நானும் போட்டிக்கு வர மாட்டோம், அது அவங்களுக்கு மட்டும். ஆனா டேட்டா அனுப்புற விஷயத்துல டெட்ரா ரொம்ப வீக். வீடியோவெல்லாம் நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது. அதனால 2015-ல உள்துறை ஒரு முடிவு எடுத்தது. இஇ கம்பெனியோட 4ஜி நெட்வொர்க்கையே எடுத்து, அவசர சேவைக்கு முன்னுரிமை கொடுத்து, ஈஎஸ்என்னு ஒரு புது சிஸ்டம் கட்டுவோம். 2019 கடைசியில ஏர்வேவை ஆஃப் பண்ணுவோம்.

இன்ஜினியர்கள் இப்போ சிரிச்சிருப்பீங்க. மொபைல் டவரை வெச்சு டெட்ரா மாதிரி அரை நொடிக் குரல், டவர் இல்லாத இடத்துல நேரடிப் பேச்சு, மலைக்கு நடுவுல கவரேஜ், ஹெலிகாப்டர்லயும் கவரேஜ். இந்த அளவுக்கு உலகத்துல அப்போ யாருமே செஞ்சது கிடையாது. 2018-ல உள்துறை திட்டத்தைத் திருத்தி எழுதுச்சு, டெட்லைன் 2022-க்குப் போச்சு. அப்புறம் 2026. இப்போ இலக்கு 2029. மொத்தச் செலவு 930 கோடி பவுண்ட் ஆகும்னும், அது முதல் மதிப்பீட்டைவிட 310 கோடி அதிகம்னும் 2019-லயே அந்நாட்டு தணிக்கை அலுவலகம் சொல்லிடுச்சு. புது சிஸ்டம் வர வரைக்கும் பழசு ஒரு நாள்கூட நிற்கக் கூடாது இல்லையா?

இங்கேதான் கதை சூடு பிடிக்குது. ஈஎஸ்என்னோட முக்கியமான மென்பொருள் கான்ட்ராக்ட் மோட்டோரோலாவுக்குப் போயிருந்தது. 2016-ல அதே மோட்டோரோலா சுமார் 82 கோடி பவுண்டுக்கு ஏர்வேவையும் வாங்கிடுச்சு. யோசிச்சுப் பாருங்க. புது வீடு கட்டுற மேஸ்திரியே நீங்க இப்போ குடியிருக்கிற வாடகை வீட்டுக்கும் ஓனர். வீடு லேட் ஆனா அவருக்கு வாடகை வந்துக்கிட்டே இருக்கும். வேணும்னே லேட் பண்ணாங்கன்னு நான் சொல்ல வரலை. சீக்கிரம் முடிக்கணும்ங்கிற அவசரம் யாருக்கு இருக்கும்னுதான் கேட்கிறேன். இந்த வாங்கலுக்கு அரசாங்கமும் சம்மதிச்சதுங்கிறதை மறந்துடக் கூடாது.

"டெண்டர் விட்டு வேற ஆளைப் பிடிக்க வேண்டியதுதானே?" முடியாது. பொதுப்பணத்துல வாங்கணும்னா போட்டி டெண்டர் விடணும், அதுதான் விதி. அதுல ரெண்டு விதிவிலக்கு இருக்கு. ஒண்ணு, தொழில்நுட்பக் காரணத்தால ஒரே ஒரு சப்ளையர்தான் கொடுக்க முடியும்ங்கிற நிலைமை. ஆயிரக்கணக்கான டவர், தனி அலைவரிசை, நாடு முழுக்க கவரேஜ், இன்னொருத்தன் வந்து நாளைக்கே கொடுக்க முடியுமா? ரெண்டாவது, யாரும் எதிர்பார்க்காத உச்சகட்ட அவசரம். புயல்ல டவர் விழுந்தா டெண்டர் போட்டுக்கிட்டு உட்கார முடியாது, நேரா வாங்கலாம். ஆனா 2015 விதிமுறையில இதுக்கு ஒரு அழகான நிபந்தனை இருந்தது: அந்த அவசரம் வாங்குறவங்க செயலால வந்ததா இருக்கக் கூடாது. வெள்ளம் வந்து ரேடியோ நின்னா அது அவசரம். பல வருஷமா மைக்ரேஷனைத் தள்ளிப்போட்டுட்டு நாளைக்கு கான்ட்ராக்ட் முடியுதுன்னு ஓடி வந்தா அது அவசரமா? சட்டம் இல்லைன்னு சொல்லும். ஆனா ஆம்புலன்ஸ்ல இருக்கிறவருக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதனால பணம் எப்படியாவது போய்த்தான் ஆகணும்.

அந்தப் பணம் லண்டன்ல ஒரே கணக்குல இருந்து மட்டும் போகலை. இதை நிறைய பேர் கவனிக்கிறது இல்லை. கையில பிடிக்கிற ரேடியோவை அந்தந்த ஊர் போலீஸும் தீயணைப்புத் துறையும் தங்களோட பட்ஜெட்ல வாங்கணும். "2019-ல ஏர்வேவ் போயிடும்"னு சொன்னதால சிலர் பழைய செட்டை வெச்சே ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. டெட்லைன் தள்ளிப்போச்சு, பேட்டரி செத்துச்சு, உதிரி பாகம் கிடைக்கலை. மறுபடி ஏர்வேவ் செட் வாங்கினாங்க. 4ஜி வந்த அன்னைக்கு எதுக்கும் ஆகாத செட்டு! 2018-ல இருந்து காவல்துறைகள் மட்டும் இப்படி 12.5 கோடி பவுண்ட் செலவு பண்ணியிருக்காங்கன்னு 2023 ஜூலையில பார்லிமென்டோட பொதுக் கணக்குக் குழு சொல்லுச்சு. அங்கே உள்ளூர் போலீஸ் பட்ஜெட்ல ஒரு பங்கு வீட்டு வரியில இருந்து வருது. மைக்ரேஷன் லேட் ஆனதுக்கான பில், ஏதோ ஒரு சின்ன ஊர்ல ஒரு பாட்டியோட வரி ரசீதுல வந்து உட்காருது. ஈஎஸ்என்னுக்காக உள்துறை செலவு பண்ண சுமார் 200 கோடி பவுண்ட் தனி. அதுக்குக் கையில காட்ட பெருசா எதுவும் இல்லைன்னு அதே குழு கடுப்பா சொல்லியிருந்தது.

கடைசியில யார் பிரேக் போட்டது? சந்தைப் போட்டியைக் கண்காணிக்கிற அமைப்பான சிஎம்ஏ. 2021-ல விசாரணை ஆரம்பிச்சு, 2023 ஏப்ரல்ல தீர்ப்பு சொல்லுச்சு. ஏர்வேவைக் கட்டப் போட்ட முதலீடு முதல் கான்ட்ராக்ட் காலத்துலயே திரும்பி வந்தாச்சு, ஆனா விலை அதுக்கேத்த மாதிரி இறங்கலை. போட்டி இருக்கிற சந்தையில வாங்கக்கூடியதைவிட வருஷத்துக்கு சுமார் 20 கோடி பவுண்ட் அதிகமா வாங்க முடியுதுன்னு கணக்கு காட்டி, விலைக்கு உச்சவரம்பு வெச்சாங்க. மோட்டோரோலா ஒத்துக்கலை. ஒப்பந்தத்துல போட்ட விலைதானே, நல்ல சேவைதானே கொடுக்கிறோம்னு வாதம். அது முழுக்கத் தப்பான வாதமும் இல்லை. ஏர்வேவ் நல்லாவே வேலை செய்யுது. ஆனா 2023 டிசம்பர்ல தீர்ப்பாயம் அவங்க மேல்முறையீட்டைத் தள்ளிடுச்சு. அதுக்கு முன்னாடியே, 2022 டிசம்பர்ல, ஈஎஸ்என் வேலையில இருந்து அவங்க வெளியேறியாச்சு. இப்போ அந்த இடத்துல ஐபிஎம்.

எனக்கு சிஎம்ஏ மேல மரியாதை உண்டு. ஆனா விலைக்கு வரம்பு போட்டது நோய்க்கு மருந்து இல்லை, வலி மாத்திரை. 2000-ல முதல் கான்ட்ராக்ட் எழுதும்போதே ஒரு பக்கம் சேர்த்திருக்கலாம்: "காலம் முடிஞ்சும் நாங்க தொடர வேண்டி வந்தா விலை இவ்வளவு குறையும்." நாம கோட் எழுதும்போது எக்ஸிட் கண்டிஷனை மறந்தா லூப் எப்போ நிக்கும்னு தெரியாது. இங்கே அந்த லூப்போட ஒவ்வொரு சுத்துக்கும் மீட்டர் ஓடிக்கிட்டு இருந்தது.

2029-க்குள்ள ஈஎஸ்என் முடியுமான்னு கேட்டீங்கன்னா, என் ஆன்கால் அனுபவத்தை வெச்சு நான் பந்தயம் கட்ட மாட்டேன். அதுவரைக்கும் பேட்டரி தாங்காத செட்டுகளை ஊர் ஊரா இன்னொரு தடவை மாத்த வேண்டி வரும், அதுக்கும் யாராவது கையெழுத்து போடணும். உங்க ஆபீஸ்ல இப்படி "அடுத்த குவார்ட்டர்" சர்வர் ஏதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. கம்பெனி பேரைச் சொல்லாதீங்க, ப்ளீஸ். அடுத்த வாரம் பார்ப்போம்.