ஒழுக்கம் பேசுவோரும் காத்திருக்கும் மாணவர்களும்

மணலியிலிருந்து வியாசர்பாடி டாக்டர் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரிக்குச் செல்லும் மாணவர், கண்டெய்னர் லாரிகள் அடைத்து நிற்கும் சாலைகளைக் கடந்தாக வேண்டும். தாமதமானால் வருகைப் பதிவேட்டில் குறிக்கப்படுவது அவர் பெயர்தான். லாரியின் எண் அன்று. வடசென்னை மாணவர் என்றாலே ஒழுக்கமற்றவர் என்று எழுதிவைப்பது இந்நகரின் பழைய வழக்கம். இப்போது அதே தீர்ப்பு உளவியல் மொழியில் வருகிறது: சுயக்கட்டுப்பாடும் நேர மேலாண்மையும் இருந்தால் உயர்கல்வி வசப்படுமாம், வசப்படாதவரிடம் அவை இல்லையாம்.

இப்பண்புகள் வீண் என்று நாம் கூறவில்லை. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்த டக்வொர்த்தும் செலிக்மனும், மதிப்பெண்ணை முன்னறிவிப்பதில் நுண்ணறிவு எண்ணைவிடச் சுயக்கட்டுப்பாடே வலியது என 2005இல் எழுதினர். சேரிகளில் இரவுப் பாடசாலை நடத்தும் தோழர்களுக்கு இது புதுச் செய்தியன்று. ஆனால் அப்பண்பு எங்கிருந்து வருகிறது?

1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் தொடங்கிய மிட்டாய்ச் சோதனை புகழ்பெற்றது. ஒன்றை உண்ணாமல் காத்திருக்கும் குழந்தைக்கு இரண்டு கிடைக்கும். காத்திருந்தோர் பிற்காலத்தில் படிப்பில் சிறந்தனர் என்றார்கள். 900க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு 2018இல் வெளியான மறு ஆய்வில், குடும்பப் பின்னணியையும் கணக்கில் கொண்டதும் அத்தொடர்பு பெருமளவு சுருங்கியது. இன்னும் கூர்மையானது 2013இல் ராசெஸ்டரில் வெளியான ஆய்வு. வண்ணப் பொருள்கள் தருவதாகச் சொன்ன பெரியவர் ஒரு சாராருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மறுசாராரிடம் வெறுங்கையுடன் திரும்பினார். பிறகு நடந்த மிட்டாய்ச் சோதனையில் முதல் சாரார் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். அவர்கள் கட்டுப்பாடற்றவர்கள் அல்லர், கணக்குத் தெரிந்தவர்கள்.

நம் மாணவரிடம் வெறுங்கையுடன் திரும்பும் பெரியவர் யார்? வருமான வரம்புக்குட்பட்ட பட்டியலின, பழங்குடி, கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிட மாணவர்கள் அரசு ஒதுக்கீட்டில் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தால், கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்கிறது 2012ஆம் ஆண்டின் அரசாணை 92. ஆயினும் சேர்க்கை மேசையில் மாணவர் கேட்பது வேறு: “முதலில் கட்டுங்கள், உதவித்தொகை வந்ததும் திருப்பித் தருகிறோம்.” 2021இல் திருத்தப்பட்ட ஒன்றிய அரசு விதிகளின்படி, அதன் 60 விழுக்காட்டுப் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. எனவே பணம் தாமதித்தால் கடன்காரர் ஆவது மாணவர்தான்.

ஒழுக்கத்தில் குறைவற்ற ஒருவரின் வழக்கையும் பார்ப்போம். முசாபர்நகர் மாவட்டத் தினக்கூலித் தொழிலாளியின் மகனான தலித் மாணவர் தன் கடைசி வாய்ப்பில் தன்பாத் ஐஐடியில் இடம்பெற்றார். கட்டவேண்டியது 17,500 ரூபாய். கெடு 2024 ஜூன் 24, மாலை 5 மணி. பணம் திரட்டி முடிக்கையில் கெடுவுக்குச் சில நிமிடங்களே எஞ்சியிருந்தன. செலுத்துமுன் இணையவாயில் மூடிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றம்வரை அலைந்தவருக்கு, செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் அரசமைப்புச் சட்டத்தின் 142ஆம் பிரிவைப் பயன்படுத்தி இடத்தை மீட்டுத் தந்தது. நுழைவுத் தேர்வை வென்றவருக்கு எந்தத் திறன் பயிற்சியை நாம் பரிந்துரைப்பது?

ஆகவே இந்தச் சேர்க்கைக் காலத்தில் மணலியிலும் எண்ணூரிலும் நடக்கும் வழிகாட்டி முகாம்களுக்கு, தன்னம்பிக்கை உரையாளருடன் அரசாணை 92இன் நகலையும் கொண்டுசெல்லுங்கள். முன்பணம் கேட்கும் கல்லூரியிடம் அக்கோரிக்கையை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தர மறுத்தால் அன்றே மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலருக்கு மனு அனுப்பி, ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.