எரிபொருளை மிச்சம் பிடிக்கும் கருவிகள் உண்மையில் மிச்சம் பிடிக்கின்றனவா?

சீனன்குடாவில் காட்டுக்குள் மறைந்து நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி அறியாதவர் திருகோணமலையில் இல்லை எனலாம். பிரித்தானியர் தமது கடற்படைக்கென அமைத்த அத்தாங்கிகள் 99 என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 10,000 தொன் எண்ணெய் கொள்ளக்கூடியது. அவற்றுக்கு அருகே வாழும் மக்கள் 2022 ஆம் ஆண்டில் சில லீற்றர் பெற்றோலுக்காக இரவு பகலாக வரிசையில் நின்றனர். அவ்வாண்டு ஜூன் 26 ஆம் திகதி ஒக்டேன் 92 ரகப் பெற்றோலின் விலை லீற்றர் 470 ரூபாவானது. ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தபோது தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரும் முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றருமே ஒதுக்கப்பட்டன. ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்குப் பாய்ந்தது. அந்தக் கடைசி அடி விழுந்தது எமது மாவட்டத்தின் மீனவர்கள் மீதே.

இத்தகைய காலங்களிலேயே ஒரு வகை வியாபாரம் தழைக்கிறது. எரிபொருட் குழாயில் கட்டும் காந்தத் துண்டு, வாகனத்தின் சிகரெட் பற்றவைக்கும் துளையில் செருகும் மினுங்கும் பெட்டி, தாங்கியில் போடும் மாத்திரை, காற்று செல்லும் வழியில் பொருத்தும் சிறு விசிறி, தண்ணீரிலிருந்து வாயு எடுத்து இயந்திரத்துக்கு ஊட்டும் போத்தல் என்று அதன் வடிவங்கள் பல. வாக்குறுதி மட்டும் ஒன்றுதான்: எரிபொருள் நூற்றுக்கு இருபது, முப்பது வீதம் குறையும், இழுவை கூடும். விலை குறைந்து வரிசைகள் மறைந்த பின்னரும் இவ்வியாபாரம் மறைந்துவிடவில்லை. நாளாந்த வருமானத்தில் எரிபொருளே முதற்செலவாக இருக்கும் ஒருவர் இத்தகைய விளம்பரத்தைக் கண்டு சபலப்படுவதை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் அதற்குக் கொடுக்கும் பணம் இரண்டு மூன்று நாள் உழைப்பாக இருக்கும்போது, கருவி உண்மையில் என்ன செய்கிறது என்பதைக் கேட்டே ஆகவேண்டும்.

முதலில் இயந்திரத்துக்குள் நடப்பதைப் பார்ப்போம். பெற்றோலில் அடங்கியுள்ள சக்தியில் சாதாரண வாகனமொன்றின் இயந்திரம் வேலையாக மாற்றுவது ஏறத்தாழ காற்பங்கு மாத்திரமே. எஞ்சிய முக்காற்பங்கு எங்கே போகிறது? கருவி விற்பவர் ‘எரியாமல் புகையோடு போகிறது’ என்பார். அது உண்மையன்று. ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட நான்கடிப்பு இயந்திரத்தில் நூற்றுக்கு 95 பங்குக்கும் அதிகமான எரிபொருள் சிலிண்டருக்குள்ளேயே எரிந்துவிடுகிறது. இழப்பு என்பது பெரும்பாலும் வெப்பம். அது புகைக்குழாய் வழியாகவும் இயந்திரத்தின் சுவர்கள் வழியாகவும் வெளியேறுகிறது. குழாயில் கட்டிய காந்தம் அந்த வெப்பத்தைத் தடுத்து நிறுத்தாது. எரியாது எஞ்சும் நாலைந்து வீதத்தை முழுவதும் எரித்துவிட்டாலும்கூட முப்பது வீத மிச்சம் எங்கிருந்து வரும்? காந்தத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. பெற்றோல் காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருளன்று. காந்தத்தைக் கடந்த பின் அது அடையும் மாற்றம் எதுவும் இதுவரை வீதியில் அளந்து காட்டப்படவில்லை.

தண்ணீர்க் கருவியின் கதை இன்னும் சுவையானது. 2008 ஆம் ஆண்டில் இலங்கையர் ஒருவர் 3 லீற்றர் தண்ணீரில் 300 கிலோமீற்றர் காரோட்டியதாகக் கூறினார். அன்றைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்கவே அரசின் ஆதரவை அறிவித்தார். தண்ணீரில் ஓடும் கார் பின்னர் சந்தைக்கு வரவில்லை. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஐதரசன். அதைத் திரும்பப் பிரிக்க, எரியும்போது கிடைக்கும் சக்திக்குக் குறையாத சக்தியைக் கொடுக்க வேண்டும். அதைக் கொடுப்பது வாகனத்தின் மின்பிறப்பாக்கி. மின்பிறப்பாக்கியைச் சுழற்றுவது அதே பெற்றோல். 100 பங்கு பெற்றோலில் 25 பங்கு இயந்திரத்தின் வேலையாகிறது; மின்பிறப்பாக்கியில் அது 15 ஆகக் குறைகிறது; தண்ணீரைப் பிரிக்கையில் 9 ஆகிறது. அந்த 9 பங்கை மீண்டும் இயந்திரத்தில் எரித்தால் கிடைப்பது இரண்டேகால் பங்கு. நேராகப் பயன்படுத்தியிருந்தால் 25 பங்கு வேலை செய்திருக்க வேண்டிய பெற்றோல், போத்தலைச் சுற்றி வந்தபின் இரண்டேகாலுக்கே உதவுகிறது.

இவை வெறும் ஏட்டுக் கணக்குகள் என்று ஒதுக்குவோரும் உளர். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் 1970களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இத்தகைய கருவிகளையும் கலவைகளையும் ஆராய்ந்துள்ளது. காந்தங்களும் அவற்றுள் அடங்கும். குறிப்பிடத்தக்க அளவில் எரிபொருளைக் குறைத்த கருவி எதுவும் அதன் கையில் அகப்படவில்லை. மிகச் சிறிய பயன் தந்த சிலவற்றிலும் புகையின் நச்சுத்தன்மை கூடியது. சிகரெட் துளையில் செருகும் பெட்டியொன்றை அமெரிக்க நுகர்வோர் சஞ்சிகையான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2011 இல் பத்து வாகனங்களில் சோதித்தபோதும் எவ்வித வேறுபாடும் தென்படவில்லை. அவ்வகைப் பெட்டிகள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தவர்கள் கண்டது, ஒரு சிறு மின்சுற்றும் மினுங்கும் விளக்குகளும்தான்.

அப்படியாயின் ‘பூட்டினேன், மிச்சமாகிறது’ என்று சொல்லும் நண்பர்கள் பொய்யர்களா? அல்லர். நாமும் முன்னொரு காலத்தில் எமது மோட்டார் சைக்கிளுக்கு ஒரு காந்தம் வாங்கிக் கட்டியவர்களே. முதல் இரு வாரங்கள் பெற்றோல் குறைவது போலவே இருந்தது. பிறகுதான் விளங்கியது: காசு கொடுத்து வாங்கிய கருவி வேலை செய்கிறதா என்று கவனித்தவாறே ஓட்டியதில் எமது கை முறுக்குவது குறைந்திருந்தது. கருவியைப் பூட்டிய கராஜிலேயே பிளக்கைத் துடைத்து, காற்று வடியைத் தட்டி, டயருக்குக் காற்றும் அடித்துத் தந்திருந்தார்கள். மிச்சத்தைத் தந்தவை இவை. பெயரைப் பெற்றது காந்தம். எரிபொருள் நிரப்பும் நிலையத்தில் ஒரு நாள் கழுத்துவரை நிரப்புவதும் மறுநாள் சற்றுக் குறைய நிரப்புவதுமே இரண்டு மூன்று கிலோமீற்றர் வித்தியாசத்தைக் காட்டப் போதும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

இழுவையைக் கூட்டும் ஒட்டுக்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இயந்திரத்தின் வலு கூட வேண்டுமாயின் அதற்குள் காற்றும் அதற்கேற்ற எரிபொருளும் கூடுதலாகப் போகவேண்டும். காபுரேற்றரின் துளையைப் பெரிதாக்கி, சைலன்சரைத் திறந்துவிடும் இளைஞர்களுக்குச் சற்று வேகமும், ஊராருக்கு மிகுந்த சத்தமும் கிடைக்கின்றன. பெற்றோல் மிச்சம் கிடைப்பதில்லை.

இயந்திரத்தை மாற்றியமைப்பதில் எம்மவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்லர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். வேறு வழியில்லாத மக்களின் அருமையான கைவண்ணம் அது. ஆனால் அதைச் செய்தவர்கள் எவரும் இயந்திரம் மேம்பட்டதாகச் சொல்லவில்லை. இழுவை குறைந்தது, கரி படிந்தது, புகை கண்ணை எரித்தது. வண்டி ஓடியது, அவ்வளவுதான். அதில் ஏமாற்று இருக்கவில்லை.

அதே மண்ணெண்ணெய்தான் இன்று கொட்டியாரக்குடாவிலும் திருக்கடலூர், சல்லி, மூதூர்க் கரைகளிலும் கண்ணாடியிழைப் படகுகளை இயக்குகிறது. அவற்றின் வெளியிணைப்பு இயந்திரங்களும் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெய்க்கு மாறுபவையே. இங்கேதான் விடயம் சற்று மாறுகிறது. எமது மீனவர்களிடையே பரவலாகவுள்ளவை டூ ஸ்ட்ரோக் எனப்படும் ஈரடிப்பு இயந்திரங்கள். பழைய முறையில் அமைந்த இவ்வியந்திரத்தில் புதிய எரிபொருட் கலவை உள்ளே நுழையும் அதே வேளையில் புகை வெளியேறும் வழியும் திறந்திருக்கிறது. உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி, சில வேளைகளில் காற்பங்கு வரை, எரியாமலே வெளியே போய்விடுகிறது. ஆக, ‘எரியாமல் போகிறது’ என்ற விற்பனையாளரின் கூற்று காருக்குப் பொய்; படகுக்கு மெய்.

அந்த மெய்யான இழப்பைத் தடுத்த ஓர் ஒட்டுக் கருவியும் உலகில் உண்டு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பிறந்த என்விரோஃபிட் நிறுவனம், பிலிப்பைன்ஸ் நாட்டின் விகான் நகர முச்சக்கர வண்டிகளின் ஈரடிப்பு இயந்திரங்களுக்கு நேரடி எரிபொருட் செலுத்து முறையைப் பொருத்தியது. புகை வழி மூடப்பட்ட பின்னரே எரிபொருள் சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. எரிபொருட் செலவு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தது. அது குழாயில் கட்டும் துண்டன்று. சிலிண்டரின் தலையையே மாற்றி, பீய்ச்சியும் பம்பியும் மின் கட்டுப்பாடும் சேர்த்துச் செய்த பொறியியல் வேலை. இலங்கை வேறு வழியைத் தேர்ந்தது: 2008 இலிருந்து ஈரடிப்பு முச்சக்கர வண்டிகளின் இறக்குமதியை நிறுத்தியது. வீதியில் அந்த விரயம் குறையத் தொடங்கியது அப்படித்தான். கடலில் அத்தகைய மாற்றம் இன்னும் பரவலாகவில்லை. நான்கடிப்பு வெளியிணைப்பு இயந்திரத்தின் விலை சிறு மீனவரின் கைக்கு எட்டாது என்பது ஒரு காரணம். அது மண்ணெண்ணெயிலன்றி விலைகூடிய பெற்றோலில் ஓடுவது இன்னொன்று. இவ்விடைவெளியை நிரப்புவதாகச் சொல்லியே மாத்திரை விற்பவர் கரைக்கு வருகிறார்.

படகுக்காரருக்கு இதில் பணத்தை விடப் பெரிய ஆபத்தும் உண்டு. ஈரடிப்பு இயந்திரத்துக்கு உராய்வைத் தடுக்கும் ஒயில் எரிபொருளோடு கலந்தே செல்கிறது. இன்னதென்று தெரியாத திரவத்தைக் கலந்து, ‘இனி ஒயிலைக் குறைக்கலாம்’ என்ற பேச்சையும் நம்பினால் பிஸ்டன் இறுகிப்போகும். முச்சக்கர வண்டி நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டு போகலாம். கரை மறைந்த இடத்தில் இயந்திரம் நின்றால் என்ன செய்வது என்பதை எமது மீனவக் குடும்பங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

காசில்லாமல் கிடைக்கும் மிச்சம் கடலில்தான் அதிகம். சுமையோடு நீரைப் பிளந்து செல்லும் படகுக்கு வேண்டிய வலு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டிக் கூடுகிறது. எனவே வேகத்தைப் பத்து வீதம் குறைத்தால் அதே தூரத்துக்கான எரிபொருள் ஏறத்தாழ இருபது வீதம் குறையும். வலை இழுத்துக் களைத்தவருக்கு, மீன் விலை விழுமுன் கரைசேர வேண்டியவருக்கு, மெதுவாகப் போ என்பது எளிய புத்திமதி அன்று என்பதை அறிவோம். எனினும் விளம்பரம் வாக்களிக்கும் அதே இருபது வீதம் இங்கே மெய்யாக இருக்கிறது. அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் படியாமல் சுரண்டுவதும், விளிம்பு நசுங்கிய புறொப்பெல்லரைச் சீர்செய்வதும் இதோடு சேரும்.

வீதியிலும் அப்படியே. டயர் காற்றைச் சரியாக வைத்திருப்பதும் பிரேக் பிடித்துக்கொள்ளாமல் பார்ப்பதும் சில வீதங்களைத் தரும். அடைபட்ட காற்று வடியை மாற்றுவதால் காபுரேற்றர் உள்ள பழைய வாகனத்தில் 2 முதல் 6 வீதம் வரை பயனுண்டு; கணினியால் கட்டுப்படுத்தப்படும் புதிய கார்களில் அதுவும் பெரிதாக இல்லை என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டின.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையைத் தடைசெய்கிறது. ‘முப்பது வீதம் மிச்சம்’ என்று பெட்டியில் அச்சிட்டவரிடம், அதை எங்கே அளந்தீர்கள் என்று கேட்க அச்சட்டமே போதும். மாவட்டத்தின் தொழில்நுட்பக் கல்வி நிலையமொன்று மாணவர்களைக் கொண்டு ஒரு முச்சக்கர வண்டியிலும் ஒரு படகிலும் இக்கருவிகளைச் சோதித்து முடிவை அறிவித்தால் அது பாடமாகவும் பொதுப்பணியாகவும் அமையும்.

அதுவரை வாங்க நினைப்பவர் தாமே சோதிக்கலாம். ஒரே நிலையத்தில் ஒரே அளவுக்கு நிரப்பி, ஒரே வழியில், ஒரே சுமையோடு ஒரு மாதம் கருவியுடனும் மறுமாதம் கருவியின்றியும் ஓட்டி, ஒவ்வொரு முறையும் லீற்றரையும் கிலோமீற்றரையும் கொப்பியில் எழுதவேண்டும். கருவி பூட்டியிருக்கிறதா கழற்றியிருக்கிறதா என்பது ஓட்டுபவருக்குத் தெரியாமல் வீட்டிலுள்ள இன்னொருவர் செய்தால் இன்னும் நல்லது. இந்தச் சோதனை முடியும்வரை பணத்தைப் பொறுத்துப் பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறாரா என்று விற்பவரிடம் முதலில் கேட்டுப் பார்க்கலாம்.