டெர்மினலைக் கழற்றிப் பார்த்த காலம்

எண்பதுகளில் மதுரை சிம்மக்கல் பக்கம் இருந்த ஒரு ஆட்டோ எலக்ட்ரிக் கடை வாசலில், பானெட் திறந்த ஒரு அம்பாசடர் எப்போதும் நிற்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுக்கச் சொல்லிவிட்டு, கடைக்காரப் பெரியவர் பேட்டரியின் ஒரு டெர்மினலைக் கழற்றுவார். இன்ஜின் நிற்காமல் ஓடினால், "டைனமோ நல்லாத்தான் இருக்கு, வேற பாப்போம்" என்பார். இருமி நின்றுவிட்டால் டைனமோ கீழே இறங்கும். கார்பன் தேய்ந்திருக்கும், இல்லை டைனமோவைப் பேட்டரியோடு இணைக்கும் கட்-அவுட் ஒட்டாமல் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் இதை எத்தனையோ முறை நின்று பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்துப் பேட்டரியும் ஒளிவுமறைவு இல்லாதது. கறுப்பு ரப்பர் பெட்டி, மேலே தார் பூச்சு, ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் இணைக்கும் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். ஆறு செல்லையும் தனித்தனியாகச் சோதிக்கலாம். பெரியவர் மூடியைத் திருகி, ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டை உறிஞ்சி, மிதவை நிற்கும் கோட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் படிப்பார். வெயில் ஊர்களில் ஆசிட்டைச் சற்று நீர்த்தே ஊற்றுவார்கள். குளிர் நாட்டில் 1280 காட்டுகிற நிறைந்த பேட்டரி இங்கே 1240 காட்டும். ஐந்து செல் 1230, ஒன்று மட்டும் 1130 என்றால் அந்த ஒரு செல்தான் போயிருக்கிறது. ஆறும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால் பேட்டரி மேல் பழி போடமாட்டார், சார்ஜ் ஏறாத காரணத்தைத் தேடுவார். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்த அந்தக் கண்ணாடிக் குழாய் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

மதுரைக்கு வண்டித் தொழில் புதிதில்லை. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம் வளர்ந்த ஊர் இது. டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் செய்ய லூகாஸ்-டி.வி.எஸ். 1961-இல் சென்னையில் வந்தது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலமான ட்ரையம்ஃப் ஹெரால்டின் சேஸிஸ்தான், குட்டையாக்கப்பட்டுப் பெரிதும் மாற்றப்பட்டு, இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்கு அடித்தளம். ஹெரால்டின் டைனமோவைப் பிரித்துக் கோத்த கைக்கு அந்த ஸ்போர்ட்ஸ் காரின் மின்வேலையும் புதிராக இருந்திருக்காது.

பிறகு டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டர் வந்தது. டெர்மினலைக் கழற்றும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால், தாங்கிப் பிடிக்க ஆளில்லாத மின்னழுத்தம் கண்ணிமைக்கும் நேரத்தில் பல மடங்கு எகிறும். டயோடு போகும், வண்டியின் கம்ப்யூட்டரும் போகலாம். என் மாமாவின் காரில் ஒரு கடைக்காரர் அப்படித்தான் சோதித்தார். ஆல்டர்னேட்டரில் கோளாறே இல்லை. ஆனால் வண்டி அங்கிருந்து கயிறு கட்டித்தான் வந்தது. அன்று கெட்டிக்காரத்தனமாக இருந்த அதே செய்கையை இன்று யாராவது செய்யப் போனால் கையைப் பிடித்துத் தடுப்பேன்.

இன்று கப்பலூர் பக்கம் ஒரு பட்டறை. தாழ்வான, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார். பேட்டரி டிக்கியில் இருக்கிறது. கரண்ட் இல்லாததால் டிக்கி பூட்டும் திறக்கவில்லை. சாவிக்குள் மறைந்திருக்கும் சின்னச் சாவியால் திறந்தார்கள்.

"ரெண்டு வருஷத்துல மூணு பேட்டரிண்ணே" என்றார் வண்டிக்காரர்.

"பேட்டரி மேல தப்பில்லைன்னா நாலாவதும் இப்படித்தான் போகும் சார். கொஞ்சம் பொறுங்க."

பட்டறைக்காரர் முதலில் சார்ஜ் ஏற்றினார். நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டவில்லை, பாடியில் மாட்டினார். நெகட்டிவ் டெர்மினலில் உட்கார்ந்திருக்கும் சென்சார் ஏறுவதையும் இறங்குவதையும் கணக்கு வைக்கிறது. அதைத் தாண்டி மாட்டினால் கணக்குப் பிசகும். நிறுத்திய வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைவு, 12.2 என்றால் பாதி. ஓடும்போது 14-ஐ ஒட்டி நின்றால் சார்ஜ் சரி என்பது பழைய விதி. புது வண்டிகளில் கம்ப்யூட்டரே ஆல்டர்னேட்டரைக் கூட்டிக் குறைக்கிறது. ஒரு நொடி 12.8 காட்டியதென்று ஆல்டர்னேட்டரை இறக்கக்கூடாது. அடுத்து செல்ஃப் அடித்து, இன்ஜினுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட் பார்த்தார். 0.1 தான், எர்த் சுத்தம். பெரியவர் இதையே, செல்ஃப் அடித்தவுடன் டெர்மினலைத் தொட்டுச் சூடு பார்த்துச் சொல்வார்.

பிறகு பானெட், கதவு கொக்கிகளை ஸ்க்ரூட்ரைவரால் பூட்டியதுபோல் மடக்கிவிட்டு, கிளாம்ப் மீட்டரை மாட்டி, டீ சொன்னார். "வண்டி தூங்கணும் சார்." உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அடங்க அரை மணி நேரம் ஆனது. அதன்பின் 0.05 ஆம்பியருக்குக் கீழே வரவேண்டியது 0.4-இல் நின்றது. நாளொன்றுக்குப் பத்து ஆம்பியர்-மணி. ஞாயிறு மட்டும் ஓடுகிற வண்டிக்கு 70 ஆம்பியர்-மணி பேட்டரி எத்தனை வாரம் தாங்கும்?

ஃபியூஸைப் பிடுங்கவில்லை, பிடுங்கினால் தூங்கியது விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு ஃபியூஸின் முதுகிலும் மீட்டர் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டே போனார். ஒன்றில் எண் அசைந்தது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால் டாஷ் கேமரா. சாவியை எடுத்தாலும் நிற்காத லைனில் யாரோ கோத்திருந்தார்கள். அதைப் பிரித்தார். மீட்டர் 0.02-க்கு இறங்கியது. வண்டிக்காரர் குனிந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.