காது முந்தட்டும், பேனா பிந்தட்டும்

ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகக் குடியேற விண்ணப்பிக்கும் தமிழர்களுக்குத் தாய்மொழி 5 புள்ளிகள் தருகிறது. வயது, படிப்பு, வேலை அனுபவம், ஆங்கிலத் தேர்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டும் முறை அங்கே நடப்பில் இருக்கிறது. அதில் 65 என்பது வாசல்படி மட்டும். பல துறைகளில் அதற்கு மேலே நிற்பவர்களுக்குத்தான் அழைப்பு வருகிறது. 30 வயது, பொறியியல் பட்டம், நான்கு ஆண்டு வெளிநாட்டு அனுபவம், ஐஇஎல்டிஎஸ் தேர்வில் நான்கு பிரிவிலும் 8 என்று வைத்திருக்கும் ஒருவருக்கு முறையே 30, 15, 5, 20 என 70 புள்ளிகள் சேரும். அதை 75 ஆக்க என்ன வழி என்று தேடும்போதுதான், தாய்மொழிக்கான அந்த 5 புள்ளிகளைத் தரும் சிசிஎல் (CCL) என்ற சமூக மொழித் தேர்வு கண்ணில் படுகிறது.

ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழிலும், தமிழில் கேட்டதை ஆங்கிலத்திலும் வாயால் சொல்ல வேண்டும். இன்றைய வடிவில் 2018 முதல் நடக்கும் இந்தத் தேர்வில் இரண்டு உரையாடல்கள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 சொற்கள். ஒரு பக்கம் ஆங்கிலம் பேசும் மருத்துவரோ வங்கி ஊழியரோ பள்ளி ஆசிரியரோ இருப்பார். மறுபக்கம் தமிழ் மட்டும் பேசும் நோயாளியோ வாடிக்கையாளரோ பெற்றோரோ இருப்பார். பேச்சு துண்டு துண்டாக ஒலிக்கும். ஒரு துண்டு 35 சொற்களைத் தாண்டாது. துண்டு முடிந்ததும் மணியோசை கேட்கும், அங்கிருந்து தேர்வர் பேச வேண்டும். எல்லாம் 20 நிமிடச் சமாச்சாரம். உரையாடலுக்கு 45 மதிப்பெண். இரண்டிலும் தலா 29க்குக் குறையக் கூடாது, மொத்தத்தில் 90க்கு 63 வந்தாக வேண்டும். இரண்டிலும் 29 மட்டுமே எடுத்தவர் 58ல் நின்று தோற்றுப்போவார்.

தமிழும் தெரியும், ஆங்கிலமும் தெரியும், அப்புறம் என்ன என்ற நம்பிக்கையோடு பயிற்சிக்கு உட்காருபவர்கள் தங்கள் குரலைப் பதிவு செய்து ஒருமுறை போட்டுக் கேட்டால் திடுக்கிடுவார்கள். துண்டின் முதல் பாதி அட்சரம் பிசகாமல் இருக்கும், பின்பாதியைக் காணோம். அவர்கள் முதல் பாதியை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் பின்பாதி காதைக் கடந்து போய்விட்டது.

இது சோம்பலும் இல்லை, மந்தமும் இல்லை. மனித மூளையின் கணக்கு அப்படி. பிரெஞ்சு ஆய்வாளர் டானியல் ஜீல், பேச்சு மொழிபெயர்ப்புத் துறையில் இன்றும் பாடமாக இருக்கும் ஒரு விளக்கத்தைத் தந்தவர். கேட்டுப் புரிந்துகொள்வது, நினைவில் நிறுத்துவது, குறிப்பெழுதுவது, இவற்றை ஒத்திசைப்பது ஆகிய எல்லாச் செலவுக்கும் கவனம் என்ற ஒரே கையிருப்புத்தான் என்றார். ஒன்றில் கூடுதலாகச் செலவழித்தால் இன்னொன்றில் துண்டு விழும். 1991ல் அவர் வெளியிட்ட ஒரு சிறு சோதனையின் முடிவு, பேனாவை நம்பும் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ள வேண்டியது. ஒரே உரையைக் கேட்ட தொடக்கநிலை மாணவர்களில், குறிப்பு எடுத்தவர்கள் அதில் வந்த பெயர்களைக் குறிப்பு எடுக்காதவர்களைவிட மோசமாகவே காதில் வாங்கியிருந்தார்கள். எழுதினால் மறக்காது என்று நினைத்து எழுதியவர்களுக்கு, எழுதியதாலேயே கேட்காமல் போயிருக்கிறது.

உலகத்தின் பெரிய மேடைகளில், கேட்டதை மறுமொழியில் திருப்பிச் சொல்லும் இந்தக் கலை நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பழகப்பட்டு வந்திருக்கிறது. 1919ல் பாரிஸ் அமைதி மாநாட்டில் வில்சன், கிளெமென்சோ, லாயிட் ஜார்ஜ், ஒர்லாண்டோ ஆகிய நான்கு நாட்டுத் தலைவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியபோது, இடையே அமர்ந்து மொழிபெயர்த்தவர் பால் மாந்தூ என்ற வரலாற்றாசிரியர். அவருடைய குறிப்புகள் 1955ல் நூலாக வந்து, அந்த மாநாட்டின் முக்கிய ஆவணங்களில் ஒன்றாகிவிட்டன. ஆந்த்ரே காமின்கர் என்ற மொழிபெயர்ப்பாளரோ ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் பேச்சைக்கூடக் குறிப்பே இல்லாமல் திருப்பிச் சொல்வார் என்று அத்துறையினர் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். காமின்கர்கள் அபூர்வம். மற்றவர்களுக்காகத்தான் 1956ல் ஜெனீவாவில் ஜான் பிரான்சுவா ரோஸான் ஒரு சிறு நூல் எழுதினார். பேச்சு மொழிபெயர்ப்பில் குறிப்பெடுப்பது எப்படி என்பதற்கு ஏழு கொள்கைகள் வகுத்தது அந்த நூல். சொல்லைக் குறிக்காதே, கருத்தைக் குறி என்பது அதில் முதலாவது. பேச்சின் இணைப்புகளையும் மறுப்பையும் தவற விடாதே, பக்கவாட்டில் எழுதாமல் மேலிருந்து கீழாக இறங்கிப் போ என்பன அடுத்தடுத்து வருகின்றன. குறியீடுகள் என்று அவர் கொடுத்தவை இருபதுதான், அவற்றிலும் இன்றியமையாதவை பத்து என்றார். இன்று நூற்றுக்கணக்கான குறியீடுகளை மனப்பாடம் செய்யச் சொல்லும் பயிற்சிகளைப் பார்க்கும்போது, அந்தப் பத்தின் அருமை புரிகிறது. குறியீட்டை நினைவுபடுத்திக்கொள்ளவே கவனம் செலவானால் அந்தக் குறியீடு எதற்கு?

ஓர் உதாரணத்தைப் போட்டுப் பார்க்கலாம். வாடகை வீட்டு அலுவலர் ஆங்கிலத்தில் பேசுகிறார். “இந்த வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 640 டாலர் வாடகை. நான்கு வார வாடகையை பாண்டாக, அதாவது வைப்புத்தொகையாக, கட்ட வேண்டும். மார்ச் 14க்குள் கட்டாவிட்டால் வீட்டை அடுத்த விண்ணப்பதாரருக்குக் கொடுத்துவிடுவோம்” என்பது பேச்சின் பொருள். அனுபவமில்லாதவர் “இந்த வீட்டுக்கு” என்று தொடங்கி எழுதிக்கொண்டே வருவார், பாண்டு வரும்போது பேனா இன்னும் 640ல் இருக்கும். பழகியவரின் தாளில் மூன்றே வரிகள்தான் இருக்கும்.

640 / 2வா
பாண்ட் 4வா
14/3 ✗ → அடுத்த ஆள்

வீடு, வாடகை, கொடுத்துவிடுவோம் என்பவை தாளில் இல்லை. அவை கதையோடு கதையாக நினைவில் நிற்கும். எண், கால அளவு, தேதி, “இல்லாவிட்டால்” என்ற நிபந்தனை ஆகியவை மட்டும் தாளுக்கு வந்திருக்கின்றன, ஏனென்றால் அவற்றைத் தாங்கிப் பிடிக்கக் கதை எதுவும் இல்லை. சுருக்கி எழுதுவதிலும் ரோஸான் ஒரு நுணுக்கம் சொன்னார். சொல்லின் தலையை மட்டும் எழுதினால் குழப்பம் வரும், வாலையும் சேர்த்து எழுது என்றார். தமிழில் “விண்” என்று மட்டும் குறித்தால் விண்ணப்பமா, விண்ணப்பதாரரா என்று பத்து நொடி கழித்துத் தெரியாது. “வி-பம்”, “வி-ரர்” என்று குறித்தால் தெரியும்.

தமிழ்த் துண்டு ஓடும்போது சிக்கல் வேறு மாதிரி வருகிறது. ஆங்கிலத்தில் இல்லை, வேண்டாம் என்ற மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் முன்பகுதியிலேயே வந்து எச்சரித்துவிடும். தமிழில் அது கடைசியில் உட்கார்ந்திருக்கும். “ராத்திரி போடுற அந்த சுகர் மாத்திரைய, ஸ்கேன் எடுக்குற அன்னிக்கு மட்டும் காலைல சாப்பாட்டுக்கு முன்னாடி போட்டுக்கச் சொல்லல” என்று ஒரு பாட்டி சொன்னால், கடைசி “சொல்லல” காதில் விழும் வரை வாக்கியம் எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாத்திரை, ஸ்கேன், காலை, சாப்பாடு என்று வரிசையாக எழுதிக்கொண்டு போனவர் அந்த ஒற்றைச் சொல்லைக் கோட்டைவிட்டால் மொத்தமும் தலைகீழ். ஆங்கிலத் துண்டைவிடத் தமிழ்த் துண்டில்தான் பேனா இன்னும் பொறுக்க வேண்டும். ஆனால் பயிற்சி செய்வோரில் பெரும்பாலானோர் ஆங்கிலம் கேட்பதற்கே நேரத்தை ஒதுக்குகிறார்கள். சொந்த மொழியைக் கேட்கப் பயிற்சி வேண்டுமா என்ற எண்ணம்தான். கூடவே, பதிவில் வரும் குரல் சென்னைத் தமிழ்தான் பேசும் என்ற உத்தரவாதமும் கிடையாது. யாழ்ப்பாணத்துப் பேச்சு பழகாத மதுரைக்காரரும், கொங்குப் பேச்சு பழகாத கொழும்புக்காரரும் இரண்டையும் காதில் ஏற்றிக்கொள்வது நல்லது. ஆஸ்திரேலியாவின் பன்மொழி வானொலியில் வரும் தமிழ் நிகழ்ச்சிகளில் இரு நாட்டுத் தமிழும் கலந்தே ஒலிக்கிறது.

பயிற்சி எங்கே தொடங்க வேண்டும் என்பதும் இதிலிருந்து தெளிவாகிறது. முதல் சில வாரங்களுக்குப் பேனாவே கூடாது. வீட்டில் ஒருவர் முப்பது சொல்லில் ஒரு துண்டைப் படிக்க வேண்டும், கேட்டவர் அதே மொழியில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மொழி மாற்றாமல் சொல்வதே முதலில் தடுமாற்றமாக இருக்கும். அது வசப்பட்ட பிறகு மறுமொழியில் சொல்லலாம். அதற்கும் பிறகு எண், பெயர், கிழமை ஆகியவற்றுக்கு மட்டும் பேனா, கடைசியில் “ஆனால்”, “அதனால்”, “இல்லாவிட்டால்” போன்ற கண்ணிகளுக்கும். ஒவ்வொன்றையும் கைபேசியில் பதிவு செய்து, மூலத்தோடு ஒப்பிட்டு, விட்டது எது, கூட்டியது எது, மாற்றியது எது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் திருத்துபவர்கள் மதிப்பெண் குறைப்பதும் இதே கணக்கில்தான். தயங்கித் தயங்கிப் பேசுவதும், சொன்னதைத் திரும்பத் திரும்பத் திருத்துவதும்கூட மதிப்பெண்ணைத் தின்னும். ஒரு துண்டை மறுபடி ஒலிக்கக் கேட்கும் உரிமை, ஓர் உரையாடலுக்கு ஒருமுறை மதிப்பெண் இழப்பில்லாமல் கிடைக்கிறது. தெரியாத சொல் வந்த இடத்தில் அதைச் செலவழிப்பவர்கள் வீணாக்குகிறார்கள், தெரியாத சொல் இரண்டாம் முறை கேட்டாலும் தெரியாது. எண்ணும் தேதியும் தவறிய இடத்துக்கு அதை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இவ்வளவும் பொறுமையாகச் செய்தால் பலன் உண்டு. ஆனால் பொறுமைக்கு எதிராக ஒரு சந்தை கிளம்பியிருக்கிறது, கவலை அங்கேதான். “அடிக்கடி வரும் உரையாடல்கள்” என்ற பெயரில், முன்பு தேர்வெழுதியவர்களின் நினைவிலிருந்து திரட்டிய தொகுப்புகள் கைமாறுகின்றன. சமூக ஊடகக் குழுக்களில் இலவசமாகவும் வருகின்றன, விலைக்கும் வருகின்றன. எழுத்து வடிவம், அதற்குப் பக்கத்திலேயே மொழிபெயர்ப்பு, இரண்டையும் நெட்டுருப் போட்டால் போதும் என்ற வாக்குறுதியும் கூடவே வருகிறது. வேலைக்குப் போகும் நேரமில்லாதவர்கள் வேறு என்ன செய்வார்கள், பழைய வினாத்தாள் பார்க்காத தேர்வு எது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

பழைய கணக்கைப் போட்டுப் பார்த்தவனுக்குப் புதுக் கணக்கு வரும்போது கை பழகியிருக்கும். மனப்பாடம் செய்த உரையாடல் காதுக்குச் செய்வது அதற்கு நேர்மாறான வேலை. முதல் ஐந்து சொற்களைக் கேட்டதும், “ஆ, இது அந்தக் கார் காப்பீட்டு உரையாடல்” என்று மனம் குதிக்கும். அந்த நொடியில் கேட்பது நின்றுவிடும். பதிவில் வெள்ளிக்கிழமை என்று வந்திருக்கும், தேர்வர் தொகுப்பில் படித்த வியாழக்கிழமையைச் சொல்வார். பதிவில் இல்லாத ஒரு வரியை நினைவிலிருந்து எடுத்துச் சேர்ப்பார். விட்டதற்குக் குறையும் மதிப்பெண் சேர்த்ததற்கும் குறையும். தன் விடை சரளமாக வந்ததென்று மகிழ்ந்து எழுந்து வருபவருக்கு, முடிவைப் பார்க்கும்போது மதிப்பெண் எங்கே போயிற்று என்றே விளங்காது.

இதைவிடப் பெரிய சங்கடம் தேர்வு முடிந்த பின்னால் காத்திருக்கிறது. சிசிஎல் தேறியவர் சட்டப்படி மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவதில்லை. அந்தத் தொழிலுக்குச் சான்று வேறு, தேர்வு வேறு. ஆனால் அக்கம்பக்கத்தில் யாருக்கு இந்த வேறுபாடு தெரியும்? 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் 95 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் மகன், மகளோடு வந்து சேர்ந்த முதியவர்களும், இலங்கைப் போரின் வடுக்களோடு வந்தவர்களும் இருக்கிறார்கள். “தம்பி, நீங்கள்தான் அந்தப் பரீட்சை பாஸ் பண்ணினீங்களே, டொக்டரிட்ட ஒருக்கா வாங்கோ” என்று ஓர் அம்மா கூப்பிட்டால் மறுப்பது எளிதல்ல. அந்த அறையில் மருத்துவர் பேசப் போவது எந்தத் தொகுப்பிலும் இல்லாத உரையாடல். அந்த அம்மாவுக்கு உண்மையில் சொல்ல வேண்டியது, தொலைபேசி வழியே தகுதி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்பதுதான். அந்த நாட்டில் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை 1973லேயே தொடங்கிவிட்டது. நெட்டுருப் போட்டுத் தேறியவருக்கு, தான் எவ்வளவு கேட்கவில்லை என்பதே தெரியாது. அதனால் துணிந்து கூடப் போய்விடுகிறார்.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வியும் இதை ஒட்டியதுதான். இதுவரை மாணவர் யாரும் கேட்டிராத உரையாடல் வாரத்துக்கு எத்தனை தருவீர்கள்? எழுத்து வடிவத்தை முதலில் கொடுப்பீர்களா, ஒலியை முதலில் கொடுப்பீர்களா? ஒலிக்கு முன்னால் எழுத்து வரும் இடத்தில் சேர வேண்டியதில்லை. பயிற்சிக்குப் பணமே வேண்டாத வழியும் உண்டு. மருத்துவம், உதவித்தொகை, வாடகைச் சட்டம் பற்றி ஆஸ்திரேலிய அரசுத் துறைகள் பல, தகவல் தாள்களை ஆங்கிலத்திலும் தமிழிலும் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. தேர்வெழுதப் போகும் இருவர் சேர்ந்து, ஆளுக்கொரு தாளை எடுத்து அலுவலர்-வாடிக்கையாளர் உரையாடலாக மாற்றி, மற்றவருக்குக் காட்டாமல் கைபேசியில் பதிவு செய்து அனுப்பிக்கொள்ளலாம். கிழமையையும் தொகையையும் ஒவ்வொரு முறையும் மாற்றி வைக்கலாம். இரவுப் பணி முடிந்து ரயிலில் வரும் அரை மணி நேரத்தில், பேனா பையிலேயே இருக்க, அதில் இரண்டு உரையாடல்களை முடித்துவிட முடியும்.