மதுவிலக்கின் சுமை யார் தலையில்?

நாட்டில் மதுபானத்தை முற்றாகத் தடை செய்ய வேண்டும் என்ற கோரிக்கை காலத்துக்குக் காலம் எழுப்பப்பட்டு வருகின்றது. குடியினால் சீரழிந்த குடும்பங்களைக் கண்டவர்கள் அதன் நியாயத்தை மறுக்கமாட்டார்கள். ஆயினும், அத்தகைய தடையின் சுமை யார் தலையில் விழும் என்பதையும் நாம் சிந்தித்தாக வேண்டும்.

இதற்கு எமது நாட்டின் அனுபவமே போதுமானது. கொவிட் தொற்றினால் 2020 மார்ச் 20 ஆம் திகதி ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது மதுபானசாலைகளும் மூடப்பட்டன. ஏப்ரல் 20 இல் சில மாவட்டங்களில் அவை திறக்கப்பட்டதும் நீண்ட வரிசைகள் உருவாகின; மறுநாளே மீண்டும் மூடப்பட்டன. மே 13 வரை நீடித்த அந்த நாட்களை, எவரும் திட்டமிடாத தேசிய மதுவிலக்கு எனலாம். கடைகள் மூடப்பட்டன, கசிப்பு அடுப்புகள் எரிந்தன. பொலிஸாரும் மதுவரித் திணைக்களத்தினரும் சுற்றிவளைப்புகளில் ஈடுபட நேர்ந்தது.

தடையொன்று வந்தால் வசதி படைத்தவர் போத்தல்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வார். அன்றாடச் சம்பளத்தில் வாழ்பவருக்கு அது இயலாது. கண்டி மாநகரில், சுத்திகரிப்புத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக நெருங்கி வாழும் மஹய்யாவையை எண்ணிப் பார்ப்போம். அப்பகுதியைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. உழைப்பாளர் குடியிருப்புகள் அனைத்துக்கும் இது பொருந்தும். அங்கு கள்ளச் சந்தையின் கூடிய விலை அரிசிக்கும் பாடசாலைக் கொப்பிக்கும் உரிய பணத்திலிருந்தே போகும். கணவன் பிடிபட்டால் தண்டப்பணத்துக்காக அடகுக் கடைக்குச் செல்பவள் மனைவியே. நீண்டகாலக் குடியைத் திடீரென நிறுத்துவோருக்கு நடுக்கமும் வலிப்பும் ஏற்படலாம். அவர்களுக்குத் தேவை வைத்திய உதவி, சிறைக்கூடமன்று.

அதேவேளை, தடையினால் பயனே இல்லை என்பதும் தவறாகும். 2016 ஏப்ரலில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய இந்தியாவின் பீகார் மாநிலத்தில், மனைவியர் மீதான வன்முறை குறைந்ததாக 2024 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. ஆனால் அதே மாநிலத்தின் சரண் மாவட்டத்தில் 2022 டிசம்பரில் நச்சுச் சாராயம் பல உயிர்களைக் குடித்தது. மறுபுறம், அரசே மதுக்கடை நடத்தும் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கள்ளச் சாராயத்துக்குப் பலியாகினர். கடை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும், மலிவான நஞ்சைத் தேடிச் செல்பவன் ஏழையே.

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபை எம்மிடம் உண்டு. மதுவரி வருமானத்தில் ஒரு பங்கேனும் குடியிருப்புகளுக்கு அண்மையில் சிகிச்சை நிலையங்களாகவும், குடும்பங்களுக்கான உதவியாகவும் திரும்பி வரவேண்டும். அத்தகைய ஆயத்தம் இன்றிக் கொண்டுவரப்படும் தடை, குடியை ஒழிக்காது. மதுபானசாலையில் இருந்த துன்பத்தை வீட்டின் கொல்லைப்புறத்துக்கு இடம் மாற்றிவிடும். இதனை ஆட்சியாளர்கள் கருத்திற்கொள்வார்களா?