சாண்டாவுக்கு ஓகே... சபைக்கு பர்மிஷன்! சீனாவில் கிறிஸ்துமஸ் எப்படி நடக்கிறது?

உலகம் முழுக்க வீடுகளில் தொங்கும் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருட்களில் பெரும்பகுதி சீனாவில்தான் தயாராகிறது. ஜெஜியாங் மாகாணத்தின் யிவு நகரம் இதற்கான பெரிய மொத்தச் சந்தை.

அதே மாகாணத்தின் வென்ஜோ நகரில், 2014 ஏப்ரலில் சான்ஜியாங் தேவாலயம் இடித்துத் தள்ளப்பட்டது. அனுமதித்த அளவைவிடப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள் என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். இத்தனைக்கும் அது அரசிடம் பதிவு பெற்ற சபை!

அப்போ சீனாவில் கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா, கூடாதா? பார்க்கலாம்.

கிறிஸ்துமஸுக்குத் தடை இருக்கிறதா?

நாடு முழுவதற்குமான தடை கிடையாது. ஆனால் ஹாங்காங், மக்காவ் தவிர மற்ற இடங்களில் அன்று அரசு விடுமுறையும் இல்லை. பெரிய நகரங்களின் மால்களில் மரம், விளக்கு எல்லாம் இருக்கும். இளைஞர்கள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் ஆப்பிளைப் பரிசாகக் கொடுப்பார்கள். சீன மொழியில் ஆப்பிளும் 'அமைதி'யும் ஒரே மாதிரி ஒலிப்பதுதான் காரணம்.

அதேநேரம், 2018 டிசம்பரில் ஹெபெய் மாகாணத்தின் லாங்ஃபாங் நகரில் கடைவீதிகளில் இருந்த கிறிஸ்துமஸ் அலங்காரங்களை அகற்றச் சொல்லி உத்தரவு போட்டார்கள். ஊருக்கு ஊர் கெடுபிடி மாறும்.

அரசு சபை, வீட்டு சபை... என்ன வித்தியாசம்?

சீன அரசு அங்கீகரித்த மதங்கள் 5. அதில் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவமும் ஒன்று. நிர்வாகம், பணம், பிரசாரம் மூன்றையும் வெளிநாட்டு உதவி இல்லாமல் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்ட 'மூன்று சுய தேசபக்தி இயக்கம்' 1954-ல் முறைப்படி உருவானது. இதில் இணைந்த சபைகள் வெளிப்படையாக ஆராதனை நடத்தலாம். 2018-ல் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, புராட்டஸ்டன்டுகள் 3.8 கோடிக்கும் அதிகம் என்கிறது.

இதில் சேராமல் வீடுகளிலும் வாடகை அறைகளிலும் கூடுபவை வீட்டு சபைகள். 'சபையை அரசு நடத்தக் கூடாது' என்பது இவர்களில் பலரின் நிலைப்பாடு.

சட்டம் என்ன சொல்கிறது?

அரசியல் சாசனத்தின் 36-வது பிரிவு மத நம்பிக்கைக்குச் சுதந்திரம் தருகிறது. ஆனால் பாதுகாப்பு, 'இயல்பான மத நடவடிக்கை'களுக்கு மட்டும்தான். எது இயல்பு என்பதைத் தீர்மானிப்பது அரசு. சிக்கலே இங்கேதான்!

திருத்தப்பட்ட மத விவகார விதிமுறைகள் 2018 பிப்ரவரி 1 முதல் அமலில் உள்ளன. கூட்டு ஆராதனை, பொதுவாகப் பதிவு பெற்ற இடத்தில்தான் நடக்க வேண்டும். அனுமதி இல்லாத கூட்டத்துக்கு இடம் கொடுத்தவருக்கு, விஷயம் தீவிரமானால் 20,000 முதல் 2 லட்சம் யுவான் வரை அபராதம். அதாவது, ஹாலைத் திறந்துவிட்ட வீட்டுக்காரரும் மாட்டுவார்.

டிசம்பரில் ஏன் நெருக்கடி கூடுகிறது?

சாதாரண ஞாயிறுகளில் சின்னச் சின்னக் குழுவாகப் பிரிந்து கூடலாம். கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஒன்றாகக் கூடவே விரும்புவார்கள். பெரிய இடம், பாட்டு, புதிய முகங்கள் என எல்லாமே கண்ணில் படும்.

செங்டு நகரின் 'ஏர்லி ரெயின்' சபையில் போலீஸ் நுழைந்தது 2018 டிசம்பர் 9-ம் தேதி. கிறிஸ்துமஸுக்கு இரண்டே வாரம்! 100-க்கும் மேற்பட்டோர் பிடித்துச் செல்லப்பட்டனர். போதகர் வாங் யீக்கு 2019 டிசம்பர் 30-ல், அரசைக் கவிழ்க்கத் தூண்டியதாக உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் 9 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

பெய்ஜிங்கின் சீயோன் சபை, உள்ளே கண்காணிப்பு கேமரா வைக்க மறுத்தது. 2018 செப்டம்பரில் மூடப்பட்டது. அதன்பின் ஆன்லைனில் ஆராதனையைத் தொடர்ந்தார்கள். 2025 அக்டோபரில் அதன் போதகர் ஜின் மிங்ரியும் பிடிபட்டார்.

அரசின் வாதம் என்ன?

19-ம் நூற்றாண்டில் ஓப்பியம் போர்களில் தோற்ற சீனாவின் மீது திணிக்கப்பட்ட ஒப்பந்தங்கள் வழியாகவே மிஷனரிகளுக்கும் கதவு திறந்தது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. மத விவகாரங்களில் வெளிநாட்டு ஆதிக்கம் கூடாது என்று சாசனமே சொல்கிறது. ஷி ஜின்பிங் ஆட்சியில் 'மதங்களைச் சீனமயமாக்குதல்' அரசின் கொள்கையாகவே ஆகிவிட்டது.

ஆனால் வீட்டு சபையினர் பலர் கேட்பது வெளிநாட்டு உறவை அல்ல. தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுத்து, பண்டிகைக்கு ஒரே கூரையின் கீழ் கூடும் உரிமையைத்தான். கடைவாசலில் சாண்டா நிற்பதற்கும், ஒரு வீட்டுக்குள் 50 பேர் சேர்ந்து ஜெபிப்பதற்கும் சீனாவில் விதி ஒன்றல்ல.