எட்டு போடுவது எப்படி?



"டேய், எட்டு போட்டாச்சா?" பதினெட்டு வயது முடிந்த யாரிடமும் நம் கல்லூரியில் கேட்கப்படும் முதல் கேள்வி இதுதான். ஆனால் எட்டு போடும்போது கால் ஏன் தரையில் ஊனுகிறது என்று கேட்டுப் பாருங்கள். "பழகினா சரியாயிடும்" என்பார்கள். அப்ளைடு மெக்கானிக்ஸ் படித்த நாம் இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே பதில் சொல்லலாம்.

என் சித்தப்பா மகன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். பதினெட்டு முடிந்ததும் பார்சல் டெலிவரி வேலைக்குக் கூப்பிட்டார்கள். லைசென்ஸ் இருந்தால் அந்த வேலை, இல்லாவிட்டால் மறுபடியும் செங்கல் சூளைதான். எங்கள் குடும்பத்தில் விண்ணப்பம் நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருவன். எனவே வாத்தியார் வேலையும் என் தலையில் விழுந்தது.

முதலில் சட்டம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி கியர் வண்டிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று தம்பி கையில் வண்டியைக் கொடுக்கும் அப்பாக்களுக்கு ஒரு செய்தி: 2019 இல் வந்த திருத்தப்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம்.

அடுத்து எல்.எல்.ஆர். இது ஆறு மாதம் செல்லும். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் எட்டு போடப் போகலாம். வண்டியின் முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். பின்னால் நண்பனை ஏற்றக் கூடாது. லைசென்ஸ் உள்ளவர், சொல்லிக் கொடுப்பதற்காக மட்டும் உட்காரலாம். எல்.எல்.ஆர். தேர்வில் கேட்கும் சாலைக் குறிகளைப் பார்த்துத் தம்பி மிரண்டுவிட்டான். "இவ்ளோ படத்தையும் மனப்பாடம் பண்ணணுமாண்ணே?" வேண்டியதில்லை. சிவப்பு வட்டம் என்றால் 'செய்யாதே', நீல வட்டம் என்றால் 'இப்படித்தான் செய்', முக்கோணம் என்றால் 'முன்னால் பார்த்துப் போ'. வடிவத்தைப் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

இப்போது எட்டுக்கு வருவோம். வளைவில் வண்டி உள்பக்கம் சாய்ந்தாக வேண்டும். சாய்வுக் கோணத்தின் 'டேன்' மதிப்பு, வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் புவியீர்ப்பாலும் வகுத்தால் வரும். ஆரம் 3 மீட்டர், வேகம் மணிக்கு 8 கி.மீ. என்று போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 9.5 டிகிரி வருகிறது. வேகம் 4 கி.மீ. ஆகக் குறைந்தால் சுமார் 2.4 டிகிரிதான். பயத்தில் ஆக்சிலேட்டரைச் சட்டென்று விடுகிறோம். வேகம் குறைகிறது, ஆனால் வண்டி இன்னும் பழைய சாய்விலேயே இருக்கிறது. தாங்குமா? உள்பக்கம் விழப் பார்க்கும், கால் தானாகப் போய் ஊனும். ஆக, வண்டி உள்ளே விழுவது போல் தெரிந்தால் செய்ய வேண்டியது பயத்துக்கு நேர் எதிரான காரியம்: துளி ஆக்சிலேட்டர் கொடுத்தால் வண்டி நிமிரும்.

எட்டில் மிகவும் ஆபத்தான இடம் நடுவில் இருக்கும் சந்திப்பு. அங்கேதான் இடச் சாய்வு வலச் சாய்வாக மாறுகிறது. வண்டியை ஒரு நொடி நேராக நிமிர்த்திவிட்டு அடுத்த வளைவுக்குள் நுழைய வேண்டும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது. அடுத்துப் போகப்போகும் இடத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் ஊர்க் களத்துமேட்டில் அம்மாவின் கோலமாவை எடுத்துப் பெரிய எட்டு போட்டோம். (அம்மா திட்டியது தனிக்கதை.) அது சுலபமானதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கினோம். ஆக்சிலேட்டரை ஒரே நிலையில் வைத்து, கிளட்சைப் பாதி பிடித்து, பின் பிரேக்கை லேசாக மிதித்து வேகத்தை அடக்குவதுதான் முறை. முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது அதைப் பிடித்தால் வண்டி படுத்துவிடும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சி.சி. வரையிலான வண்டிகள் பலவற்றில் கால் பிரேக்கை மிதித்தாலே முன் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும். அப்படிப்பட்ட வண்டியென்றால் இன்னும் மெதுவாக மிதியுங்கள். முதல் கியரில் வண்டி குதித்தால் இரண்டாவதில் போட்டுப் பாருங்கள். தம்பிக்கு இரண்டாவதுதான் ஒத்துவந்தது.

கை சிக்னலையும் பழகிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் திரும்ப வலக்கையை நீட்ட வேண்டும். நிறுத்த முன்கையை மேலே உயர்த்த வேண்டும். வலக்கையை எடுத்தால் ஆக்சிலேட்டர் போய்விடும். எனவே வேகம் இருக்கும்போதே காட்டிவிட்டுக் கையைத் திரும்ப வைத்துவிட வேண்டும்.

முதல் தடவை தம்பி அந்தச் சந்திப்பில்தான் காலை ஊனிவிட்டான். வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. தேறாதவர்கள் 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று தடவையும் போனால்தான் 60 நாள் காத்திருக்க வேண்டும். அந்த ஏழு நாளும் காலையில் சூளைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் களத்துமேட்டில் நின்றோம். இரண்டாவது தடவை தேறிவிட்டான். முதல் சம்பளத்தில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து இரண்டு ஹெல்மெட் வாங்கி வந்தான். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று நான் சொல்லிக் கொடுத்ததை மறக்கவில்லை, இரண்டாவது எனக்காம்.